வீட்டிலிருந்து கடலுக்கு எதுவும் போகாதிருக்க: ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்களுக்கு

குழாயை மூடுங்கள், விளக்கை அணையுங்கள், மரம் நடுங்கள் என்று எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைகளில் தவறில்லை. ஆனால் தொண்டி முதல் மூக்கையூர் வரை நீளும் நம் கரைக்கு அவை போதாது. இங்கே வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது மணல்தான். மணல் தண்ணீரையும் தேக்காது, அழுக்கையும் தேக்காது. காற்று நின்று வீசும். உப்பு எதையும் அரித்துவிடும். இந்த மூன்றையும் கணக்கில் எடுக்காமல் தொடங்கும் பழக்கம் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் மண்டபத்தின் தெற்குத் தெருவில் எறிந்த பாலித்தீன் பை வடகடலில் விழும். மார்கழி வாடையில் வடக்குத் தெருவின் குப்பை தென்கடலுக்குப் போகும். அங்கே இரு கடலுக்கும் நடுவே நடந்தே போய்விடலாம். தென்கடலில் 1986ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் இருக்கின்றன. பாக் விரிகுடாவான வடகடலில் ஆவுளியா என்னும் கடல்பசு மேயும் கடல்புல் படுகைகள் விரிந்திருக்கின்றன. கரையில் பறப்பது இவற்றின் மேல்தான் போய்ப் படிகிறது. பவளத்தின் மேல் படிந்த பாலித்தீன் தாள் வெளிச்சத்தை மறைத்து அந்த இடத்தைச் சாகடிக்கும். தண்ணீரில் மிதக்கும் பையைச் சொறிமீன் என்று நினைத்து ஆமை விழுங்கும்.

குப்பைக்கு முதலில் மூடி

பிரித்துப் போடுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் காற்றுக்கு வழி செய்ய வேண்டும். திறந்த கூடை நம் ஊருக்கு ஆகாது. ஈரக்கழிவுக்கு மூடியுள்ள பழைய பெயின்ட் வாளி ஒன்று வேண்டும். உலர்ந்த பிளாஸ்டிக்குக்கு, வாயைச் சுருக்குக் கயிற்றால் கட்டி ஆணியில் மாட்டிய அரிசிச் சாக்கு ஒன்று வேண்டும். பேட்டரி, உடைந்த பல்பு, பிளேடு, காலாவதியான மருந்து ஆகியவற்றுக்கு மூடியுள்ள தகர டின் ஒன்று. மூன்றும் வீட்டுக்குள் அல்லது காற்று அடிக்காத பக்கத்தில் இருக்கட்டும். தகர டின் உப்புக்காற்றில் ஓராண்டில் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழும் என்பதால் அதைத் தரையில் வைக்காமல் ஒரு பலகைமேல் வையுங்கள்.

பால் பாக்கெட்டின் மூலையை முழுசாக வெட்டி எடுக்காதீர்கள். வெட்டிய துணுக்கு பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி பாதி வெட்டு போதும். அந்தச் சின்ன முக்கோணத் துண்டைப் பழைய இரும்புக்கடைக்காரரும் எடுக்க மாட்டார், தூய்மைப் பணியாளரால் பொறுக்கவும் முடியாது. அது நேராகக் கடலுக்குத்தான் போகும். காலி பாக்கெட்டை அலசிக் கவிழ்த்து, கிளிப் போட்டுக் காயவைத்து நூறு நூறாகக் கட்டினால் எடைக்கு வாங்கிக்கொள்வார்கள். ஈரத்தோடு சாக்கில் போட்டால் இரண்டு நாளில் நாற்றம் எடுக்கும். பிரித்துப் போடும் பழக்கம் பெரும்பாலான வீடுகளில் நின்றுபோவது இந்த நாற்றத்தால்தான்.

ஷாம்பு சாஷே, சிப்ஸ் பாக்கெட் போன்ற பளபள உறைகளில் பல அடுக்குகள் ஒட்டியிருக்கும். அவற்றை உருக்கி மறுபடி பயன்படுத்துவது கடினம், அதனால் எடைக்கு எடுப்பதில்லை. வாங்காமலிருப்பதே வழி. ஷாம்புவைப் பாட்டிலாக வாங்கிச் சிறிய குப்பியில் ஊற்றிக் கொடுத்தால் பிள்ளைகள் வீணாக்க மாட்டார்கள்.

பிளாஸ்டிக்கை அடுப்பிலோ குப்பைமேட்டிலோ எரிக்கவே கூடாது. ஒயர், குழாய்த் துண்டு, ரெக்சின் இவையெல்லாம் பி.வி.சி. எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு கிளம்பும். கொசுவுக்குப் புகை போடத் தேங்காய் மட்டையும் நொச்சி இலையும் போதும். அந்தச் சட்டியில் ஒரு கவர்கூட விழக்கூடாது.

கடைக்குப் போகும்போது

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பை, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை எல்லாம் அதில் வரும். பலருக்குத் தெரியாத ஒன்று: ஜவுளிக்கடையில் துணிப்பை மாதிரி கொடுக்கும் நெய்யாத பையும் அந்தப் பட்டியலில் உண்டு. அது பாலிப்ரொப்பிலீன். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊடும் பாவும் இல்லாமல் புள்ளிப் புள்ளியாக அழுத்தியிருந்தால் அது பிளாஸ்டிக். ஓரத்தில் ஒரு இழையை எடுத்து நெருப்பில் காட்டினால் பருத்தி சாம்பலாகும், இது உருகிச் சொட்டும். வெயிலில் சில மாதம் கிடந்தாலே பஞ்சுபோல உதிர்ந்து மணலோடு கலந்துவிடும். பிறகு யாராலும் பொறுக்க முடியாது.

மஞ்சப்பை காய்கறிக்குச் சரி, மீனுக்குச் சரிப்படாது. ஒருநாள் மீன்வாடை ஏறிய பையை மறுநாள் யாரும் தொட மாட்டார்கள். மீனுக்கு மூடியுள்ள 3 லிட்டர் எவர்சில்வர் தூக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய மீன் ஒன்றரைக் கிலோ வரை அடங்கும். சீலா, வாளை போன்ற நீள மீனை அங்கேயே துண்டாக்கச் சொல்லிவிடுங்கள். தெர்மாகோல் பெட்டியில் வாங்கிவரும் பழக்கத்தை விட வேண்டும். அது உடைந்தால் ஆயிரக்கணக்கான வெள்ளை உருண்டைகள் கிளம்பும், மீன்முட்டை என்று மீன்களே தின்னும். தூரப் பயணத்துக்குத் தூக்கைச் சுற்றி நனைத்த சணல் சாக்கைக் கட்டினால் இரண்டு மணி நேரம் குளிர் தாங்கும். ஓட்டலில் டீயும் சாம்பாரும் பார்சல் வாங்க இன்னொரு சின்னத் தூக்கை வண்டி டிக்கியிலேயே போட்டுவையுங்கள். வீட்டில் இருந்தால் எடுத்துப்போக மறந்துவிடும்.

நம் மாவட்டத்துப் பனையோலைப் பெட்டியைவிட நல்ல கூடை இந்தக் கரைக்குக் கிடையாது. உப்புக்காற்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. கெடுப்பது வெயிலும் ஈரமும்தான். கொட்டானையும் கடகத்தையும் கழுவினால் நிழலில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் ஓலை மொறுமொறுத்து மடிப்பில் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் பூசணம் பிடிக்கும், அடுப்படிப் பக்கம் உயரத்தில் தொங்கவிடுங்கள்.

மீன் கழிவு

செதில், குடல், செவுள், தலை. ஒரு வீட்டில் வாரத்துக்கு ஒன்றிரண்டு கிலோ சேரும். கரையில் வீசினால் மண்ணுக்குத்தானே என்று நினைக்கிறோம். அது நாய்க்கும் காக்கைக்கும் தீனி. தீனி கிடைத்த கரையில் நாய்கள் பெருகும். அதே நாய்கள்தான் தை முதல் பங்குனி வரை ஆமைக் குழிகளைத் தோண்டி முட்டைகளைத் தின்கின்றன. மீன் கழிவைக் கரையில் போடாமலிருப்பது ஆமைக்குச் செய்யும் நேரடி உதவி.

வழி இரண்டு. முதலாவது குழி. கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, தென்னை இருந்தால் அடிமரத்திலிருந்து நாலைந்து அடி விலகி, ஒன்றரை அடி ஆழம் தோண்டுங்கள். ஓரடி ஆழம் போதாது, நாய் கிளறிவிடும். நம் மண் ஈரத்தைக் கீழே விட்டுவிடும் என்பதால் அடியில் நனைத்த சாக்கையோ தென்னோலையையோ விரிக்க வேண்டும். அதன்மேல் மீன் கழிவு நான்கு விரற்கடை. அதைப்போல இரண்டு மடங்கு காய்ந்த சருகு, செத்தை அல்லது தேங்காய்நார்த் தூள். ஒரு கை சாம்பல். மேலே அரையடி மணல். மணலின்மேல் கருவேல முள்ளைப் பரப்பி ஒரு கல்லை வைத்துவிட்டால் நாய் கிட்டே வராது. கோடையில் வாரம் ஒரு குடம் பாத்திரம் அலசிய தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மக்கிவிடும். நாற்றம் வந்தால் சருகு குறைவு. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் ஈரம் குறைவு. கருவாட்டுக் கழிவை மட்டும் இதில் போடாதீர்கள், அதிலுள்ள உப்பு வேரைச் சுட்டுவிடும்.

இரண்டாவது மீன் அமிலம். வீட்டுத் தோட்டம் உள்ளவர்களுக்கு இது அருமையான உரம். ஒரு கிலோ மீன் கழிவை நல்ல தண்ணீரில் இருமுறை அலசி நீரை வடித்துவிடுங்கள். துண்டு துண்டாக நறுக்கி, ஒரு கிலோ வெல்லத்தூளோடு பிசைந்து, மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ மூன்றில் இரண்டு பங்கு வரை மட்டும் நிரப்புங்கள். தகரமோ அலுமினியமோ கூடாது, அமிலம் அரிக்கும். இறுக மூடி நிழலில் வைத்து, தினம் ஒருமுறை மூடியைச் சற்றுத் தளர்த்திக் காற்றைப் போக்குங்கள். 21 நாளில் தேன் நிறத்தில் நீர் பிரிந்து, பழம் புளித்த வாசம் வரும். வடிகட்டி பாட்டிலில் வையுங்கள். செடிக்கு ஊற்ற ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி, இலையில் தெளிக்க 5 மில்லி, அதுவும் சாயங்காலத்தில். வெல்லத்தில் சிக்கனம் பிடித்தால் அழுகல் நாற்றம் வரும், அதைத் தெளிக்காமல் குழியில் கொட்டிவிடுங்கள்.

நண்டு, இறால் ஓடுகள் சீக்கிரம் மக்காது. காயவைத்து நொறுக்கித் தென்னந்தூரில் போட்டால் மெதுவாக உரமாகும்.

தண்ணீர்

இந்தக் கரையில் சுற்றுச்சூழல் பழக்கம் என்று ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் அது மழைநீர்தான். நமக்கு ஆண்டுக்குச் சராசரி 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். 500 சதுர அடிக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 46 லிட்டர் விழும். சிதறல் போக ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வரும் என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் எடுக்கும் வீட்டில் 1,000 லிட்டர் தொட்டி 50 நாள் ஓடும், 5,000 லிட்டர் தொட்டி எட்டு மாதம் ஓடும்.

கூரை விளிம்பில் இரும்புத் தகட்டு வாரியை மாட்டாதீர்கள், இரண்டு மழைக்காலத்துக்குள் துரு தின்றுவிடும். 6 அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இரண்டு வாரி கிடைக்கும். பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுங்கள். மூன்றடிக்கு ஒரு பிடிப்பு வேண்டும். கச்சான் அடிக்கும்போது அதைவிட அகலமாக விட்டால் வாரி வளைந்து கழன்று வந்துவிடும். பிடிப்பும் திருகாணியும் எவர்சில்வராக இருக்கட்டும்.

அடுத்ததுதான் பெரும்பாலோர் தவறவிடும் இடம். கச்சான் மாதங்களில் கூரை முழுக்க உப்புத்துகளும் புழுதியும் காக்கை எச்சமும் படிந்திருக்கும். பருவத்தின் முதல் இரண்டு மூன்று மழையை அப்படியே வெளியே விட்டுவிட வேண்டும். அதன்பிறகும் ஒவ்வொரு மழையிலும் முதல் ஒரு மில்லிமீட்டரைப் பிரித்தாக வேண்டும். 500 சதுர அடிக் கூரைக்கு 50 லிட்டர் டிரம் ஒன்று அளவாக இருக்கும். இறங்குகுழாயில் ஒரு டி இணைப்பைப் போட்டுக் கீழ்வாயை டிரம்மில் விடுங்கள். டிரம் நிரம்பியபின் வரும் தண்ணீர் டி-யின் பக்கவாட்டு வாய் வழியாகத் தொட்டிக்குப் போகும். டிரம்மின் அடியில் ஒரு சிறிய குழாயை வைத்து, சொட்டுச் சொட்டாக வடியும் அளவுக்கு எப்போதும் திறந்தே வையுங்கள். மூடிவைத்தால் அடுத்த மழைக்குள் காலியாகாது, உப்பும் எச்சமும் நேரே தொட்டிக்குள் போகும். 4 அங்குலக் குழாயை இரண்டு மீட்டர் நிமிர்த்தி வைத்து இதற்கு ஈடாக்க நினைப்பார்கள். அதில் பிடிப்பது 17 லிட்டர்தான், போதாது.

வடிகட்டிக்கு 200 லிட்டர் டிரம். அடியில் முக்கால் அங்குல ஜல்லி 20 சென்டிமீட்டர், அதன்மேல் சிறுஜல்லி 10, பிறகு கரி 10, எல்லாவற்றுக்கும் மேலே மணல் 25. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே நைலான் வலை விரிக்க வேண்டும், இல்லையென்றால் மணல் கரிக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். கரிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, கருவேலங்கரியை நெல்லிக்காய் அளவு உடைத்து, கருந்தண்ணீர் நிற்கும்வரை கழுவிப் போடுங்கள். மணல் மட்டும் ஆற்றுமணலாக இருக்க வேண்டும். கடற்கரையில் அள்ளிய மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும், கரையிலிருந்து அள்ளுவதும் தப்பு. ஒவ்வொரு புரட்டாசியிலும் மேல்மணலை நான்கு அங்குலம் அள்ளிக் கழுவிப் போடுங்கள். தொட்டிக்கு வெளிச்சம் புகாத மூடியும், நிரம்பி வழியும் குழாயின் வாயில் கொசுவலையும் கட்டாயம். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

கிணறும் அடிபம்பும் உள்ளவர்கள் இதைக் கேளுங்கள். கரையோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு அதே 40 பங்கு கணக்கில் நாளடைவில் ஏறும். ஒருமுறை ஏறிய உப்பு இறங்க ஒரு நல்ல மழைக்காலமாவது வேண்டும், சில கிணறுகளில் இறங்குவதே இல்லை. எனவே மோட்டாரை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஓட்டாதீர்கள். கால்மணி நேரம் ஓட்டி, இரண்டு மணி நேரம் விட்டு மறுபடி ஓட்டுங்கள். தண்ணீர் போதவில்லை என்று ஆழ்துளையை மேலும் ஆழமாக்குவது இங்கே உப்பைத் தேடிப்போவதற்குச் சமம். தொட்டி நிரம்பி வழியும் மழைநீரைக் கிணற்றருகே மூன்றடிக்கு மூன்றடி, நாலடி ஆழக் குழியில் ஜல்லி நிரப்பி விடுங்கள். தெருத்தண்ணீரை அதில் சேர்க்காதீர்கள். உப்பு ஏறுகிறதா என்று பார்க்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைத் தெருவுக்குப் பொதுவாக வாங்கினாலும் போதும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இந்தியத் தர அளவு, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை.

ஆர்.ஓ. கருவி வைத்திருந்தால், ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். மற்ற ஊர்களில் அதைச் செடிக்கு ஊற்றச் சொல்வார்கள். இங்கே ஊற்றாதீர்கள். 1,500 டி.டி.எஸ். தண்ணீரை விட்டால் கழிவு 2,000ஐ ஒட்டி வரும், கறிவேப்பிலையும் முருங்கையும் நுனி கருகிப் பட்டுப்போகும். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லை என்று மேலும் மேலும் தூளைக் கொட்டுகிறோம், அத்தனையும் மணல் வழியே கிணற்றுக்கும் கடலுக்கும் இறங்குகிறது. மழைக்காலத்தில் துணிக்கு மழைத்தண்ணீர் பிடித்தால் பாதித் தூள் போதும். குளியலறைத் தண்ணீரைத் தெருவில் விடாமல் கல்வாழைப் பாத்திக்கும் வாழைக்கும் திருப்புங்கள்.

கரையில்

வீட்டு முன்னால் கடலைப் பார்த்தபடி படர்ந்திருக்கும் அடம்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் சுத்தம் செய்கிறோம் என்று பிடுங்காதீர்கள். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை மறக்காத கரையில் மணல்மேட்டின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. வழுக்கையாகிவிட்ட இடத்தில் ஐப்பசி மழை தொடங்கியதும் அடம்பங்கொடியை முழ நீளத்தில், மூன்று கணுவாவது இருக்கும்படி வெட்டி, இரண்டு கணு மணலுக்குள் போகும்படி இரண்டடி இடைவெளியில் புதையுங்கள். அலை ஏறும் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். ஆட்டுக்கு எட்டாமல் முள்ளடைப்பு போட்டால் தானே படரும்.

அதே மழைக்கு முன்பு பனங்கொட்டையும் விதைக்கலாம். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டைகளைப் பத்தடிக்கு ஒன்றாக, ஓரடிக் குழியில், கண் கீழே பார்க்க வைத்து மூடிவிட்டால் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். பனங்கிழங்குக்குத் தோண்டிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. கரையைவிட ஊருணிக் கரைக்கும் வேலியோரத்துக்கும் இது பொருத்தம்.

ஊர் சேர்ந்து குப்பை அள்ளுவதென்றால் புரட்டாசிக்குள் முடியுங்கள். ஐப்பசி மழை ஓடையிலும் வாய்க்காலிலும் ஆறு மாதமாகச் சேர்ந்ததை ஒரே நாளில் கடலுக்குள் தள்ளிவிடும். மழைக்குப்பின் கடற்கரையில் பொறுக்குவது மிஞ்சியதைத்தான். எனவே கரையைவிட ஊருணி வரத்துக்கால், ஓடை முகத்துவாரம், பாலத்தடி இவற்றிலிருந்து தொடங்குங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கடல்புல் குவியல் குப்பையல்ல, அது அலையின் அடியை வாங்கி மணலைக் காக்கிறது. அதிலிருந்து கவர், கயிறு, வலைத்துண்டை மட்டும் பொறுக்கிவிட்டுப் புல்லை அப்படியே விடுங்கள். பவளத் துண்டையும் கடல்குதிரையையும் அலங்காரத்துக்கு எடுப்பதும் வாங்குவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வரும் உறவினரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்கும் சேதுக்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வரும் சொந்தபந்தத்திடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. உடுத்திய துணியைக் கடலில் விட வேண்டாம். பாலியஸ்டர் சேலை மக்காது, பாறையிலும் பவளத்திலும் சுற்றிக்கொள்ளும், படகின் புரொப்பெல்லரிலும் சிக்கும். பிண்டமும் எள்ளும் பூவும் நீரில் போகட்டும். கற்பூர உறை, ஊதுபத்தி அட்டை, பூக்கட்டிய நைலான் நூல் எல்லாம் பைக்குத் திரும்பட்டும். வீட்டிலிருந்தே ஒரு சாக்கைக் கொடுத்தனுப்புங்கள்.

படகில்

வல்லத்திலும் நாட்டுப்படகிலும் முன்பக்க அணியத்தில் ஒரு சாக்கை வாய்கட்டி மாட்டுங்கள். தரையில் வைத்தால் தண்ணீர் ஏறி மிதந்துபோகும். சாப்பாட்டுக் கவர், பீடிக்கட்டு உறை, தண்ணீர் பாட்டில் எல்லாம் அதற்குள். பாட்டிலுக்குப் பதில் 20 லிட்டர் கேன் ஒன்று எடுத்துப்போனால் பாதிக் குப்பை படகில் ஏறுவதே இல்லை.

வலை செப்பனிடும்போது வெட்டும் தங்கூசி என்னும் நைலான் நரம்புத் துண்டுகளை மணலில் விடாதீர்கள். ஒரு பழைய பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் திணியுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த நரம்புதான் கடற்பறவையின் காலை அறுக்கிறது. கிழிந்து உதவாத வலையைக் கடலில் தள்ளினால், அது பிடிப்பவர் இல்லாமலே மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். சுருட்டிக் கட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள், நைலான் வலைக்கு எடைக்கு விலை உண்டு.

எஞ்சின் ஆயில் மாற்றும்போது ஒரு அகன்ற தட்டில் வடித்து, புனல் வைத்து 5 லிட்டர் கேனில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் முன்பு, தேங்காய்த் தும்பை அடைத்த பழைய சணல் பை ஒன்றை அதில் மிதக்கவிட்டால் மேலே மிதக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் ஏறிய பையை வெயிலில் போடாதீர்கள், தீப்பற்றக்கூடும்.

கரையோர வீட்டுக்காரர்கள் தை முதல் சித்திரை வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணையுங்கள், முடியாவிட்டால் வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி தகட்டால் மறையுங்கள். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) இரவில் கரையேறி நூறு முட்டைக்குமேல் இடும். 45 முதல் 60 நாளில் வரும் குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம்தான் நகரும். தெருவிளக்கை நோக்கி வந்த குஞ்சு விடிவதற்குள் செத்துவிடும். முட்டைக் குழியைப் பார்த்தால் கிளறாமல், அடையாளம் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வலையில் ஆமை சிக்கி அசையாமல் வந்தால் செத்துவிட்டது என்று உடனே கடலில் போடாதீர்கள். மூச்சுமுட்டி மயங்கியிருக்கலாம். வலையை இழுக்காமல் அறுத்தெடுங்கள். வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பக்கத்தை அரையடி உயர்த்திக் கட்டை வையுங்கள், நுரையீரலில் ஏறிய தண்ணீர் வடியும். மல்லாக்கப் போடவே கூடாது. நிழலில் வைத்து ஈரச்சாக்கால் போர்த்துங்கள், மூக்கை மட்டும் மூடாதீர்கள். நாலு மணி நேரத்திலும் எழலாம், ஒருநாள் முழுக்கவும் ஆகலாம். அசைவு வந்ததும் எஞ்சினை நிறுத்தி, வலை இல்லாத பக்கமாக மெதுவாக இறக்கிவிடுங்கள். ஆவுளியா சிக்கினால் இத்தனை நேரம் கிடையாது, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிடும் உயிர் அது. தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் வலையை அறுத்து அங்கேயே விட்டுவிட வேண்டும். விட்டபின் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். ஆவுளியாவை உயிரோடு விட்ட மீனவர்களுக்கு அவர்கள் ஊக்கத்தொகை கொடுத்துவருகிறார்கள்.